அறுவைக்கு முன் ‘பாசிட்டிவ்’: மறைப்பதா, மல்லுக்கு நிற்பதா?

கடிதம் எழுதியவர் 34 வயதுப் பெண். பித்தப்பையில் கல். இரண்டு முறை கடும் வலி வந்து போன பிறகு, லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிட நாள் குறித்திருக்கிறார்கள். முந்தைய நாளே மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு செவிலியர் வார்டுக்கு வந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதில் விழும்படியே, “உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். நாளைக்கு ஆபரேஷன் கிடையாது” என்று சொல்லியிருக்கிறார். அறுவை மருத்துவரோ, “முதலில் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் வேறு இடத்தில் செய்துகொள்ளுங்கள்” என்றாராம்.

வீட்டில் கணவர் “இது எங்கிருந்து வந்தது?” என்று ஒரு முறை கேட்டதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. மாமியார் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். ஐந்து வயதில் ஒரு மகன். பிரசவத்தின்போது “எல்லா டெஸ்டும் நார்மல்” என்று சொன்னதாக இவருக்கு நினைவு. தோழி ஒருவர் கொடுத்த யோசனை இது: வேறு மருத்துவமனைக்குப் போ, இந்த ரிப்போர்ட்டைக் காட்டாதே, அங்கேயும் டெஸ்ட் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, அது உன் உரிமை. அறுவைக்கு முன் இப்படிப் பரிசோதிப்பதே தவறு என்பது இவருடைய எண்ணம். கடிதத்தில் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். சொல்லாமல் பரிசோதித்தது சரியா? அறுவையை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? மறைத்தால் என்ன தப்பு?

சகோதரி, கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறைக்க வேண்டாம். அதற்காக, அந்த மருத்துவமனை நடந்துகொண்ட விதம் சரி என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், உங்கள் ரிப்போர்ட் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் அதை ஒரு தீர்ப்பு மாதிரி படித்திருக்கிறீர்கள். அது அப்படி இல்லை.

வந்திருப்பது ஒரே ஒரு பரிசோதனை

அறுவைக்கு முன் எடுக்கும் இந்தப் பரிசோதனையின் பெயர் ஹெச்பிஎஸ்ஏஜி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. பல இடங்களில் சில நிமிடங்களில் முடிவு தெரியும் அட்டைப் பரிசோதனையாகவே இதைச் செய்கிறார்கள். அவசரத்துக்கு உதவும்; ஆனால் எப்போதாவது தவறாகவும் ‘பாசிட்டிவ்’ காட்டும். சமீபத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குக்கூட இரண்டு மூன்று வாரம் வரை இப்படி வரலாம், ஏனென்றால் ஊசியில் இருப்பதே அந்தப் புரதம்தான். எனவே முதல் வேலை, ஆய்வகத்தில் எலைசா முறையிலோ அதற்கு இணையான வேறு முறையிலோ உறுதி செய்துகொள்வது. இதைச் செய்யாமலே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது அரைகுறை வேலை.

உறுதியானால் அடுத்து வருபவை: கல்லீரல் நொதிகள், பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், தட்டணுக்கள், வயிற்று ஸ்கேன், வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் ஹெச்பிஇஏஜி, வைரல் லோட் எனப்படும் வைரஸின் அளவு. இவற்றோடு ஆன்டி ஹெச்பிசி ஐஜிஎம் என்ற ஒன்றையும் கேட்டு எடுங்கள். தொற்று புதிதா பழையதா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். உங்கள் விஷயத்தில் இதற்கு இரட்டை முக்கியத்துவம் உண்டு. ஒன்று அறுவைக்கு, இன்னொன்று வீட்டுக்கு.

“எங்கிருந்து வந்தது?”

உங்கள் கணவரின் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிந்தால் இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

ஹெபடைடிஸ் பி வந்த எல்லோருக்கும் அது தங்கிவிடுவதில்லை. பெரியவர்களாகி அது தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கும் மேல் உடலே விரட்டிவிடும். குழந்தைப் பருவத்தில் தொற்றினால் கதை தலைகீழ்: சுமார் 95 சதவீதம் தங்கிவிடுகிறது. அதாவது, நாள்பட்ட தொற்றோடு இருப்பவர்களில் மிகப் பலர் பிறக்கும்போது தாயிடமிருந்தோ சின்ன வயதிலோ அதை வாங்கியவர்கள். அறிகுறியே இல்லாமல் முப்பது நாற்பது வருடம் ஓடிவிடும். இப்படி ஓர் அறுவைக்கோ ரத்ததானத்துக்கோ போகும்போதுதான் தெரிய வரும்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் “எல்லா டெஸ்டும் நார்மல்” என்ற வரி என்னை யோசிக்க வைக்கிறது. அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பாமல், அதில் ஹெச்பிஎஸ்ஏஜி என்ற வரி இருக்கிறதா, எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பரிசோதனையே எடுக்கப்படவில்லை என்றால், சிறுவயதுத் தொற்றுக்கான வாய்ப்பே அதிகம். எடுத்து, ‘நெகட்டிவ்’ என்று தெளிவாக இருந்தால், இப்போதைய முடிவு தவறாக இருக்கலாம், அல்லது இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் தொற்று வந்திருக்கலாம். அப்படி வரவும் பல வழிகள் உண்டு: சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பல் சிகிச்சைக் கருவி, பச்சை குத்துதல், பகிர்ந்துகொண்ட சவரக் கத்தி, தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத வாழ்க்கைத் துணை. ஆம், கடைசியாகச் சொன்னதும் உண்டு. எப்படியிருந்தாலும் உங்கள் கணவர் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்பவராக இருப்பதை விட்டுவிட்டு அவரும் கையை நீட்டி ரத்தம் கொடுக்கட்டும். ஒருவேளை அவருக்கும் பாசிட்டிவ் என்று வந்தால், யாரிடமிருந்து யாருக்கு என்று அந்த முடிவை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதையும் இருவரும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் எடுத்தது சரியா?

அறுவைக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்வதே தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு இருந்தார்கள். அவர்களில் தங்களுக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டவர்கள் வெறும் 13 சதவீதம். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் இருந்து, ஈரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோ தெரிந்துகொள்வதைவிட, இப்படித் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். உங்கள் பித்தப்பைக் கல் உங்களுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது என்றுகூடச் சொல்வேன். இப்போது கேட்க எரிச்சலாக இருக்கும், தெரியும்.

தவறு, சொல்லாமல் செய்ததில் இருக்கிறது. என்ன பரிசோதனை, ஏன், முடிவு வந்தால் என்ன ஆகும் என்று ரத்தம் எடுக்கும் முன் நாலு வரி சொல்லியிருக்க வேண்டும். சேர்க்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் “தேவையான பரிசோதனைகள்” என்று ஒரு வரி இருந்திருக்கும். சட்டப்படி அது போதும் என்று மருத்துவமனை வாதிடலாம். எச்ஐவி பரிசோதனைக்குப் பல நாடுகளில் தனிச் சம்மதம் கட்டாயம். ஹெபடைடிஸுக்கு அந்த அளவு கறாரான சட்டம் எல்லா இடத்திலும் இல்லை. எனவே ‘சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுத்தார்கள்’ என்ற புகார் எந்த அளவு நிற்கும் என்பது நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னது வேறு விஷயம். அதற்குச் சாக்குப்போக்கே கிடையாது. ஒரு நோயாளியின் முடிவு அவருக்கும், அவருக்குச் சிகிச்சை செய்யும் குழுவுக்கும் மட்டும் உரியது. பக்கத்துப் படுக்கைக்கு உரியதல்ல. நீங்கள் முதலில் சொல்லாதவரை கணவருக்கும் உரியதல்ல. புகார் எழுதுவதானால் இதை மையமாக வைத்து எழுதுங்கள்: தேதி, நேரம், என்ன வார்த்தை, யார் அருகில் இருந்தார்கள். மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செவிலியரைத் தண்டிக்கச் சொல்வதைவிட, முடிவுகளை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறையை மாற்றச் சொல்வது நல்லது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் உண்மையில் என்ன மாறும்?

அதிகம் மாறக் கூடாது. இதுதான் பலருக்கும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில மருத்துவர்களுக்கும் புரியாத இடம். பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்த நோயாளி பாதுகாப்பானவர், ‘பாசிட்டிவ்’ என்று வந்தவர் ஆபத்தானவர் என்ற நினைப்பே தவறு. தொற்று ஏற்பட்டு ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தத்தில் தெரியவே சராசரியாக நான்கு வாரம் ஆகும். ஒன்பது வாரம் வரைகூடப் போகலாம். அந்த இடைவெளியில் பரிசோதித்தால் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். விபத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டிக்கொண்டு வருபவருக்கு எந்த முடிவுக்கும் காத்திருக்க முடியாது. நம்மிடம் பரிசோதனையே இல்லாத கிருமிகளும் இருக்கலாம். அதனால்தான் 1980களிலேயே, எச்ஐவி பரவிய காலத்தில், எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. இரட்டைக் கையுறை, கண்ணுக்குக் காப்பு, கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல் தட்டில் வைத்து எடுப்பது எல்லாம் எல்லோருக்கும் பொது. உங்களுக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டை அதனால் தாங்க முடியாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கருவிகளை முறையாகச் சுத்திகரிக்கும் தியேட்டருக்கு நீங்கள் ஒரு பிரச்சினையே இல்லை. சுத்திகரிக்காத தியேட்டர் என்றால், அங்கே எல்லோருக்குமே பிரச்சினை.

மருத்துவர்களின் பயம் வெறும் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்ஐவிக்கு இது 0.3 சதவீதம்தான். தடுப்பூசி வருவதற்கு முன் அறுவை மருத்துவர்கள் பலருக்கு இது தொழிலோடு வந்த நோயாகவே இருந்தது. ஆனால் முதல் தடுப்பூசி 1981இலேயே அனுமதி பெற்றுவிட்டது. ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்ததை உறுதி செய்துகொண்ட ஒரு மருத்துவருக்கு உங்கள் ரத்தத்தால் ஆபத்து அநேகமாக இல்லை. தியேட்டரில் வேலை செய்துகொண்டு இன்னும் ஊசி போட்டுக்கொள்ளாத ஒருவர் இருந்தால், அது அவரும் அவருடைய நிர்வாகமும் சரிசெய்ய வேண்டிய குறை. அதற்கு விலையாக உங்கள் அறுவையைக் கேட்கக் கூடாது.

தள்ளிப்போடலாம், தட்டிக்கழிக்கக் கூடாது

“முதலில் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள்” என்றது சரியான அறிவுரை. புதிதாக வந்த தொற்றால் கல்லீரல் வீங்கியிருக்கும் நேரத்தில், அவசரமில்லாத அறுவையைச் செய்வது நோயாளிக்கு ஆபத்து. மயக்க மருந்தையும் அறுவையின் சுமையையும் அந்த ஈரல் தாங்காமல் போகலாம். ஈரல் சுருக்கம் இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அதற்கேற்ப ஏற்பாடு வேண்டும். இவை இல்லை, தொற்று நாள்பட்டது, கல்லீரல் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பித்தப்பையை எடுக்கத் தடையேதும் இல்லை. வைரஸ் முழுக்க மறையும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கொரோனா காலத்திலும் இப்படித்தான் தள்ளிப்போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேயும் ஒரு காரணம் நோயாளியின் நலன்தான். தொற்று வந்து ஏழு வாரத்துக்குள் அறுவை செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கலும் மரணமும் அதிகம் என்று 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது மூச்சுக்காற்றில் பரவி, சில வாரங்களில் போய்விடும் வைரஸ். உங்களுடையது ரத்தத்தில் இருப்பது, ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது. அதைப் போல ‘போகட்டும், அப்புறம் வாருங்கள்’ என்று சொல்ல இங்கே வழியில்லை.

“இல்லையென்றால் வேறு இடத்தில் செய்துகொள்ளுங்கள்” என்பதுதான் இடிக்கிறது. தன் திறமைக்குள் அடங்கிய ஒரு சிகிச்சையை, எச்ஐவி தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மருத்துவர் மறுப்பது மருத்துவ அறத்துக்கு எதிரானது என்பது உலக மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும். சரி, நேரில் எப்படிப் பேசுவது? சண்டை வேண்டாம். கல்லீரல் மருத்துவரிடம் “அறுவைக்குத் தகுதி உண்டு” என்று கடிதம் வாங்கிக்கொண்டு அதே அறுவை மருத்துவரிடம் போய், “டாக்டர், என் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எப்போது வைத்துக்கொள்ளலாம்?” என்று கேளுங்கள். மறுத்தால், “என்ன காரணம் என்று ஃபைலில் எழுதிக் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்ல எளிதாக இருக்கும் பல மறுப்புகளை யாரும் காகிதத்தில் எழுத மாட்டார்கள்.

உங்களைப் பட்டியலில் கடைசியாக வைப்பார்கள் என்று எதிர்பாருங்கள். அறிவியல்படி அதற்குத் தேவையில்லை. ஆனால் அதற்காக மல்லுக்கு நிற்பதில் அர்த்தமும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாலை வரை பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டியதில்லை. பொதுவாக, மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு திட உணவை நிறுத்தினால் போதும். தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்தை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்று மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

இனி தோழியின் யோசனை. பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் மறைத்தால் முதல் நஷ்டம் உங்களுக்கு. உங்கள் கல்லீரலின் நிலை தெரியாமலே மயக்க மருந்து கொடுப்பார்கள், அதற்கேற்ற மருந்துத் தேர்வும் இருக்காது. நாளை வேறு ஏதோ நோய்க்கு ஸ்டீராய்டோ கீமோதெரபியோ கொடுக்க நேர்ந்தால், அடங்கிக் கிடந்த வைரஸ் திடீரென்று கிளம்பி ஈரலைத் தாக்கலாம்; முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். இரண்டாவது நஷ்டம், தியேட்டரில் ஊசி குத்திக்கொள்ளும் அந்த ஒரு பணியாளருக்கு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவராக இருந்தால் அவருக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் மறைத்தால் அந்த நேரம் போய்விடலாம். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லுங்கள். அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வீட்டில்

தட்டு, தம்ளர், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, இருமல், தும்மல் எதனாலும் இது பரவாது. மகனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வைக்க வேண்டியவை பல் துலக்கும் பிரஷ், ரேஸர், நகவெட்டி ஆகியவை மட்டும். காயம் பட்டால் மூடிவையுங்கள். கணவருக்கும் மகனுக்கும் ஹெச்பிஎஸ்ஏஜியும், எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ஆன்டி ஹெச்பிஎஸ்ஸும் எடுக்க வேண்டும். மகனின் தடுப்பூசி அட்டையில் ஹெபடைடிஸ் பி போட்டிருந்தாலும் எடுங்கள். எதிர்ப்புச் சக்தி 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் கவலையில்லை. தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. கணவருக்கு அது முடிந்து எதிர்ப்புச் சக்தி வந்தது உறுதியாகும்வரை ஆணுறை. மாமியார் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் அவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் வாயால் கேட்டால் எடுபடும். அடுத்த முறை போகும்போது அழைத்துப் போங்கள்.

இதற்கிடையில் பித்தப்பை சும்மா இருக்காது. விடாத மேல்வயிற்று வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே ஹெபடைடிஸ் பி என்று சொன்னாலும் சிகிச்சையைத் தாமதப்படுத்த யாருக்கும் காரணம் கிடையாது.

மருந்து தேவையா என்பது வைரல் லோடும் ஈரலின் நிலையும் பார்த்து முடிவாகும். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸை நன்றாக அடக்கிவைக்கும் மாத்திரைகள். பெரும்பாலும் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும், இடையில் நீங்களாக நிறுத்தினால் நோய் திடீரென்று முற்றலாம். பலருக்கு உடனே மருந்தே தேவைப்படாது. அப்படிச் சொல்லிவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஹெச்பிஎஸ்ஏஜி மறுபடி எடுங்கள். அப்போதும் இருந்தால் அது நாள்பட்ட தொற்று. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேனும் தொடர வேண்டும்.